பக்கெட்டில் ஹீட்டர் ராடு: எத்தனை வாட்ஸ் வாங்கணும், எந்த பிளக்கில் சொருகணும், ஷாக் ஏன் அடிக்குது?

மார்கழி பிறந்தால் போதும், எலெக்ட்ரிக்கல் கடை வாசலில் ஹீட்டர் ராடுகள் தொங்க ஆரம்பித்துவிடும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் என்றால் வருஷம் முழுக்கவே தொங்கும். பெங்களூரு பிஜி-யில் சேரும் பையனுக்கு அம்மா கட்டிக் கொடுக்கும் பையில் ஊறுகாய் பாட்டில், போர்வையோடு இந்த ராடும் இருக்கும். கீசர் வாங்க ஆயிரக்கணக்கில் செலவாகும், மாட்டுவதற்கு ஹவுஸ் ஓனர் சம்மதம் வேண்டும். ராடுக்கு அந்தத் தொல்லையே இல்லை. சில நூறு ரூபாய், ஒரு பக்கெட், ஒரு பிளக். வேலை முடிந்தது.

தண்ணீருக்குள் நேராக மூழ்கி வேலை செய்யும் மின்சாதனம் இது. அதுவும் ஈரத் தரையில், பாதித் தூக்கத்தில், வெறுங்காலில் நிற்கும் ஆள் கைக்கெட்டும் தூரத்தில். ஆனாலும் செல்போன் சார்ஜர் வாங்க அரை மணி நேரம் ரிவ்யூ படிப்பவர்கள்கூட, ராடு வாங்கும்போது "அண்ணே, ஒரு ராடு குடுங்க" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

என்ன கேட்டு வாங்க வேண்டும், வாங்கியதை எங்கே சொருக வேண்டும், தண்ணீரில் கை வைத்தால் 'சுர்ர்' என்று இழுப்பது ஏன்?

குழாய்க்குள் என்ன இருக்கிறது?

வெளியே பளபளவென்று தெரியும் சுருள் குழாய் வெறும் உறைதான். அதன் நடுவே முடி மாதிரி சுருண்டு ஓடும் கம்பிதான் சூடாகிறது. அது நிக்ரோம். நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம். ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். டோஸ்டர், அயர்ன் பாக்ஸ், கீசர் என சூடாக்கும் சாதனங்கள் பெரும்பாலானவை இந்தக் கம்பியை நம்பித்தான் ஓடுகின்றன.

கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே மக்னீசியம் ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடியை அழுத்தி அடைத்திருப்பார்கள். ராடின் உயிர்நாடியே இதுதான். வெப்பத்தை நன்றாக விடும், மின்சாரத்தை விடாது. இந்த இரண்டு குணமும் ஒரே பொருளில் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். 230 வோல்ட் ஓடும் கம்பியைத் தண்ணீரில் முக்கியும் தண்ணீருக்கு மின்சாரம் வராமல் இருக்கிறது என்றால், காரணம் இந்தப் பொடிதான்.

இந்தப் பொடிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் குழாயின் இரண்டு முனையையும் சீல் வைத்து மூடுகிறார்கள். சீல் காய்ந்து வெடித்தாலோ, ராடைத் தலைவரைக்கும் தண்ணீரில் முக்கி எடுத்தாலோ ஈரம் உள்ளே இறங்கும். ஈரமான பொடி மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்கு விட்டுக்கொடுக்கும். ராடில் 'மேக்ஸிமம்' என்று ஒரு கோடு போட்டிருப்பது இதற்காகத்தான். கீழே உள்ள 'மினிமம்' கோட்டுக்கு வேறு காரணம். தண்ணீருக்கு வெளியே தெரியும் சுருளின் சூட்டை இழுத்துக்கொள்ள அங்கே தண்ணீர் இல்லை. அது சில விநாடிகளிலேயே கடுமையாகச் சூடேறி, பழுத்து, குழாய் வெடித்துவிடும்.

1000, 1500, 2000: எது வேணும்?

வாட்ஸ் அதிகமானால் கரண்ட் பில் எகிறிவிடும் என்று பயந்து சின்ன ராடாகத் தேடுபவர்கள் உண்டு. உண்மையில் பில்லுக்கும் ராடின் வாட்ஸுக்கும் பெரிய தொடர்பு இல்லை. ஒரு பக்கெட் தண்ணீரைச் சுட வைக்க இவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது இயற்பியல் முடிவு செய்த கணக்கு.

20 லிட்டர் தண்ணீர். 25 டிகிரியில் இருந்து 45 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும், அதாவது குளிக்க இதமான சூடு. இதற்குச் சுமார் 0.47 யூனிட் ஆகும். 1000 வாட்ஸ் ராடு இதை 28 நிமிஷத்தில் கொடுக்கும். 1500 வாட்ஸ் 19 நிமிஷம். 2000 வாட்ஸ் 14 நிமிஷம். மூன்றிலும் மீட்டர் ஓடுவது கிட்டத்தட்ட ஒரே அளவுதான். மாறுவது காத்திருக்கும் நேரம்.

நாலு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கெட் என்று வையுங்கள். ஒரு நாளைக்குச் சுமார் 1.9 யூனிட். இரண்டு மாதத்துக்கு 112 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டையும் தாண்டி, வெந்நீருக்கு மட்டும்! பில் குறையணும் என்றால் வாட்ஸைக் குறைப்பதில் பயன் இல்லை. கொதிக்கக் கொதிக்க வைத்துவிட்டுப் பாதி பச்சைத் தண்ணீர் கலக்காமல், தேவையான அளவை மட்டும் சுட வைப்பதுதான் வழி.

அப்படியானால் 2000 வாட்ஸே வாங்கிவிடலாமா? அதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்.

சின்ன பிளக், பெரிய பிளக்

நம் வீடுகளில் இரண்டு அளவு சாக்கெட் உண்டு. செல்போன், ஃபேன், டிவி சொருகும் சின்னது 6 ஆம்பியர். கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஏசி பக்கம் இருக்கும் பெரியது 16 ஆம்பியர். பழைய ஆட்கள் இதையே '5 ஆம்ஸ்', '15 ஆம்ஸ்', 'பவர் பிளக்' என்பார்கள்.

கணக்கு ரொம்ப எளிது. வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். 1000 வாட்ஸ் ராடு 4.3 ஆம்பியர் இழுக்கும். 1500 என்றால் 6.5. 2000 என்றால் 8.7. ஆக, 6 ஆம்பியர் சின்ன பிளக் தாங்குவது 1000 வாட்ஸ் ராடை மட்டும்தான். 1500-க்கே பெரிய பிளக் வேண்டும்.

ஆனால் வாடகை வீட்டு பாத்ரூம் பக்கத்தில் பெரிய பிளக் எங்கே இருக்கிறது? ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று. அதனால் கடையில் கிடைக்கும் கன்வெர்ஷன் பிளக்கை வாங்கி, பெரிய மூன்று பின்னைச் சின்ன சாக்கெட்டில் சொருகுவது வழக்கமாகிவிட்டது. இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். "போன வருஷமெல்லாம் ஓடுச்சே, ஒண்ணும் ஆகலையே" என்பதுதான் பதிலாக வரும்.

ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கும். 6.5 ஆம்பியர் இழுத்த உடனே 6 ஆம்பியர் சாக்கெட் வெடித்துவிடாது. பிரச்னை மெதுவாக வரும். சாக்கெட்டுக்குள் பின்னைக் கவ்விப்பிடிக்கும் பித்தளைத் தகடு சூட்டில் தளர்ந்துபோகும். தளர்ந்த இடத்தில் தடை கூடும். வெறும் 1 ஓம் தடை வந்தால்கூட, 6.5 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 42 வாட்ஸ் வெப்பம் உருவாகும். சர்க்யூட் போர்டில் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்னே 25 வாட்ஸ்தான்! பிளாஸ்டிக் சாக்கெட் பழுப்பேறி, உருகி, ஒரு நாள் கருகிய வாடை வருவது இப்படித்தான். ராடை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கியதும் பின்னருகே தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அந்த சாக்கெட்டின் ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். டேப் சுற்றி ஓட்டாமல் மாற்றிவிடுங்கள்.

சாக்கெட்டை மட்டும் பெரியதாக மாற்றினால் போதுமா? போதாது. சுவருக்குள் ஓடும் வயரும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். லைட், ஃபேனுக்கு ஒன்றரை ஸ்கொயர் வயர் இழுத்திருப்பார்கள். பவர் பிளக்குக்கு 2.5 ஸ்கொயர், கீசர், ஏசி என்றால் 4 ஸ்கொயர் போடுவது எலெக்ட்ரீஷியன்களின் வழக்கம். ஒன்றரை ஸ்கொயர் வயரின் முனையில் 16 ஆம்பியர் சாக்கெட்டை மாட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள். பார்க்க பவர் பிளக் மாதிரியே இருக்கும், உள்ளே லைட் வயர். புது பாயின்ட் போடும்போது "இது எத்தனை ஸ்கொயர், டிபி பாக்ஸில் எந்த எம்சிபி-யில் இருந்து வருது?" என்ற இரண்டு கேள்வியைக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

மூன்றாவது பின் எதுக்கு?

பிளக்கில் மேலே தடிமனாக, மற்ற இரண்டையும்விட நீளமாக ஒரு பின் இருக்கும். அதுதான் எர்த். நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சொருகும்போது அது முதலில் போய் ஒட்டிக்கொள்ளும். பிடுங்கும்போது கடைசியாக விடும். கரண்ட் வருவதற்கு முன்பே பாதுகாப்பு வந்துவிட வேண்டும் என்ற ஏற்பாடு.

ராடின் வெளிக்குழாய் இந்தப் பின்னோடு பச்சை வயரால் இணைந்திருக்கும். பொடி ஈரமாகியோ, குழாய் விரிசல் விட்டோ மின்சாரம் கசிந்தால், அது பச்சை வயர் வழியாக பூமிக்குப் போய்விடும். பச்சை வயர் இல்லையென்றால்? தண்ணீரில் காத்துக்கொண்டிருக்கும், ஒரு ஆள் கை வைக்கும் வரைக்கும்.

இங்கேதான் ஊர் வழக்கம் உயிரோடு விளையாடுகிறது. மூன்று பின் சொருகவில்லை என்று எர்த் பின்னையே உடைத்துவிடுபவர்கள், இரண்டு பின் அடாப்டர் போடுபவர்கள் ஒரு பக்கம். பிளக்கே இல்லாமல் இரண்டு வயரைச் சீவி, தீக்குச்சி வைத்து சாக்கெட்டில் செருகுபவர்கள் இன்னொரு பக்கம். பழைய மேன்ஷன்களிலும் ஒண்டுக்குடித்தன வீடுகளிலும் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் வயர் இரண்டுதான் வந்திருக்கும். மேலே உள்ள ஓட்டை வெறும் அலங்காரம்.

இதைவிட மோசமான குறுக்குவழி ஒன்று உண்டு. எர்த் வயர் இல்லாத வீட்டில் நியூட்ரலையே எடுத்து எர்த் பின்னில் கோர்த்துவிடுவது. டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்த்தால் பல்பு எரியும், "எர்த் சூப்பரா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஒரு நாள் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், ராடின் வெளிக்குழாயே நேரடியாக 230 வோல்ட்டில் நிற்கும். ராடு புதுசாக, பழுதே இல்லாமல் இருந்தாலும்!

எம்சிபி இருக்கே, அது காப்பாத்தாதா?

இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. டிபி பாக்ஸில் வரிசையாக நிற்கும் எம்சிபி-கள் வயரைக் காப்பாற்றுவதற்காக வைத்தவை. ஆளைக் காப்பாற்றுவதற்காக அல்ல.

எண்களைப் பாருங்கள். 16 ஆம்பியர் எம்சிபி 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் யோசிக்கவே ஆரம்பிக்கும். ஈரமான மனித உடலின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் உடல் வழியே ஓடும் மின்சாரம் 0.23 ஆம்பியர். எம்சிபி கண்ணுக்கு அது ஒரு பழைய குண்டு பல்பு எரிகிற மாதிரி. ஆள் துடித்துக்கொண்டிருப்பார், எம்சிபி அசையாது.

உடலுக்கோ அந்த 0.23-ல் ஒரு சின்னப் பங்கே அதிகம். 1 மில்லி ஆம்பியரில் லேசான கூச்சம் தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போது கைத் தசைகள் இறுகிவிடும். பிடித்ததை விட முடியாது. 'கரண்ட் இழுத்துப் பிடிச்சிக்கிச்சு' என்று ஊரில் சொல்வது இதைத்தான். கரண்டுக்கு இழுக்கும் சக்தி கிடையாது, சொந்தத் தசைதான் விடமாட்டேன் என்கிறது. 50, 100 மில்லி ஆம்பியர் அளவு மார்பு வழியே ஒரு விநாடி ஓடினால் இதயத் துடிப்பே தாளம் தப்பிவிடலாம்.

இந்த 'விட முடியாத' அளவை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்ஸீல். அந்த ஆராய்ச்சியின் நீட்சியாக 1961-ல் அவர் உருவாக்கிய கருவியின் உறவுக்காரர்தான் நம் ஊர் ஆர்சிசிபி.

ஆர்சிசிபி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அதன் யோசனை ஒரு கடைக்காரர் கல்லாவைச் சரிபார்ப்பது மாதிரிதான். ஃபேஸ் வயர் வழியே எவ்வளவு மின்சாரம் போனதோ, அவ்வளவும் நியூட்ரல் வழியே திரும்ப வர வேண்டும். இரண்டு வயரும் ஒரு காந்த வளையத்துக்குள் ஓடும். போனதும் வந்ததும் சமமாக இருந்தால் வளையத்தில் ஒன்றும் நடக்காது. குறைந்தால், எங்கோ வெளியே கசிகிறது என்று அர்த்தம். எர்த் வயரிலோ, ஒரு மனித உடலிலோ. கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் வளையம் சுவிட்சைத் தட்டிவிட்டுவிடும். விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது.

வீட்டுக்கு வாங்கும்போது '30 மில்லி ஆம்பியர்' என்று கேட்டு வாங்குவது முக்கியம். 100, 300 என்றும் வரும். அவை தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்றப் போதாது. எம்சிபி வேலையையும் சேர்த்துச் செய்வது ஆர்சிபிஓ. பாத்ரூம் பக்கத்து பாயின்டுக்கு மட்டும் தனியாக ஒன்று போட நினைப்பவர்களுக்கு அது வசதி.

ஆர்சிசிபி இருந்தால் எர்த் தேவையில்லையா? தேவை. எர்த் இருந்தால், ராடில் கசிவு ஆரம்பித்து 30 மில்லி ஆம்பியரை நெருங்கியதுமே, யாரும் தொடுவதற்கு முன்பே ஆஃப் ஆகிவிடும். எர்த் இல்லாத பிளாஸ்டிக் பக்கெட்டில் கசிவு போவதற்கு வழியே இருக்காது. ஒருவர் கை வைத்து, அவர் உடலே வழியாக ஆன பிறகுதான் ஆர்சிசிபி-க்கு விஷயம் தெரியும். உயிர் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் ஷாக் வாங்கிய பிறகு. இன்னொன்று: ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் ஆர்சிசிபி-யால் ஒன்றும் செய்ய முடியாது. கணக்கு சரியாகத்தானே வருகிறது!

கருவியில் 'டி' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்தினால் டக்கென்று ட்ரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா.

"ராடு போட்டா வீடே ஆஃப் ஆகுது!"

ஆர்சிசிபி உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. போன மார்கழிக்குப் பிறகு பரணில் கிடந்த ராடை எடுத்துச் சொருகியதும் மொத்த வீடும் இருட்டாகும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், சிலர் ஐந்தே நிமிஷத்தில் 'சரி' செய்துவிடுவார்கள். ஆர்சிசிபி-யைக் கழற்றி நேராக வயரைக் கொடுத்துவிட்டு. "இது சென்சிட்டிவ் சார், சும்மா சும்மா ட்ரிப் ஆகும்" என்ற விளக்கத்தோடு.

ஆர்சிசிபி சரியாகத்தான் வேலை செய்தது. பத்து மாதம் பரணில் கிடந்த ராடின் பொடி ஈரம் குடித்திருக்கிறது, மின்சாரம் கசிகிறது என்று அது சொன்னது. தூக்கிப் போட வேண்டியது ராடைத்தான். பழைய வயரிங்கில் இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் ஒன்றாகக் கலந்திருந்தாலும் ட்ரிப் ஆகும், உண்மைதான். அதையும் தேடிப் பிரிக்க வேண்டுமே தவிர, காவல்காரரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ராடை பிளக்கில் இருந்து முழுசாகப் பிடுங்கிவிட்டு ஒரு சின்ன சோதனை செய்யலாம். பிளக்கின் கீழ் இரண்டு பின்னுக்கும் நடுவே 1500 வாட்ஸ் ராடு என்றால் 35 ஓம் அளவில் காட்டும். 1000 என்றால் 53. எர்த் பின்னுக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். வந்தால் பச்சை வயர் அறுபடவில்லை. எர்த் பின்னுக்கும் கீழ்ப் பின்களுக்கும் நடுவே மீட்டர் எதையும் காட்டக் கூடாது. ஏதாவது எண் வந்தால் அந்த ராடு காயலான் கடைக்கு. எண் வரவில்லை என்பதால் ராடு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. சின்ன பேட்டரியில் ஓடும் மீட்டருக்குத் தெரியாத கசிவு 230 வோல்ட்டில் தெரியும். அதைப் பார்க்க எலெக்ட்ரீஷியன்கள் 500 வோல்ட் மெக்கர் வைத்திருப்பார்கள்.

உப்புத் தண்ணி என்ன செய்யும்?

சென்னை புறநகரில் போர் தண்ணீர் பயன்படுத்தும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ராடு நாலே மாதத்தில் வெள்ளைப் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து, சுண்ணாம்பாக ராடின் மேலேயே படிகிறது. இந்த ஓடு வெப்பத்தைத் தடுக்கும். தண்ணீர் சூடாக நேரமாகும், உள்ளே கம்பியின் சூடோ ஏறிக்கொண்டே போகும். கடைசியில் குழாய் விரிசல் விடும்.

கத்தி வைத்துச் சுரண்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, ராடு ஆறியதும், சுருள் பகுதியை மட்டும் வினிகரிலோ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலோ ஊற விட்டால் உப்பு தானாகக் கரையும். அதற்குக் கீழே பச்சைப் புள்ளியோ, துளையோ, வெடிப்போ தெரிந்தால் மறு யோசனை வேண்டாம்.

பீர் காய்ச்சுபவர்களிடம் இருந்து ஒரு பாடம்

ஹாஸ்டலில் ராடை வைத்து முட்டை வேகவைப்பது, நூடுல்ஸ் கிண்டுவது, பால் காய்ச்சுவது எல்லாம் பொறியியல் கல்லூரி மரபு. பால் அடிப்பிடித்து ராடு கருகிப் போவதும் அதே மரபுதான். ஏன் தண்ணீரில் கருகாதது பாலில் கருகுகிறது?

இதற்கு நல்ல விளக்கம் அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சும் பொழுதுபோக்குக்காரர்களிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். அங்கே ஜிம்மி கார்ட்டர் 1978-ல் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு அனுமதி உண்டு. மால்ட் சாற்றைக் கொதிக்கவைக்க அவர்கள் கீசரில் வரும் எலெமென்ட்டையே அண்டாவில் பொருத்துகிறார்கள். வாட்ஸோடு சேர்த்து அவர்கள் பார்க்கும் இன்னொரு எண், ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை வாட்ஸ் என்பது. சாதாரண எலெமென்ட்டில் இது 150 வரைகூடப் போகும். சர்க்கரையும் புரதமும் உள்ள சாறு அந்தச் சூட்டில் கருகி, மொத்த அண்டாவும் தீய்ந்த வாடை அடிக்கும். அதனால் 5500 வாட்ஸையே நீளமான, மடித்த குழாயில் பரப்பி, சதுர அங்குலத்துக்கு 50 வாட்ஸ் அளவுக்குக் குறைத்த எலெமென்ட்டைத் தேடி வாங்குகிறார்கள்.

நம் பக்கெட் ராடு தண்ணீருக்காகச் செய்தது. அதைப் பாலில் விட்டால் பாலும் போகும், ராடும் போகும். ஆனால் அவர்களின் கணக்கு நமக்கும் உதவும். ஒரே 1500 வாட்ஸில் இரண்டு ராடு இருந்தால், சுருள் நீளமாக, அகலமாக இருப்பதை எடுங்கள். அதன் மேற்பரப்புச் சூடு குறைவு, அதனால் உப்பும் மெதுவாகப் படியும்.

அவர்களிடம் இன்னொரு கறாரான பழக்கமும் உண்டு. கசிவு தடுப்புக் கருவி இல்லாமல் எலெமென்ட்டுக்கு மின்சாரம் கொடுப்பதில்லை என்பதை முதல் விதியாக வைத்திருக்கிறார்கள். அங்கே சாதாரண வீட்டு சாக்கெட்டுகளில் வரும் கருவி 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே துண்டித்துவிடும்.

கடையில் என்ன பார்க்கணும்?

முதலில் ஐஎஸ்ஐ முத்திரை. ராடுக்கான தரக்குறியீடு ஐஎஸ் 368. இந்த முத்திரை இல்லாமல் இம்மர்ஷன் ஹீட்டர் விற்பதே சட்டப்படி தவறு. முத்திரைக்குக் கீழே 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால், அது எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே ஒரு நிமிஷ வேலை. ஐஎஸ்ஐ மாதிரியே தெரியும் ஸ்டிக்கரை ஒட்டி விற்பவர்கள் இந்த எண்ணில்தான் மாட்டுவார்கள்.

ஆன்லைனில் பிரபலமாக ஓடும் 'இன்ஸ்டன்ட் ஹீட்டிங் டேப்' பக்கம் வருவோம். குழாயைத் திறந்தால் வெந்நீர், பாத்திரம் கழுவ வசதி. பெரும்பாலும் 3000 வாட்ஸ், அதாவது 13 ஆம்பியர். விளம்பர வீடியோவில் அதைச் சின்ன பிளக்கில் சொருகிக் காட்டுவார்கள். ஓடும் தண்ணீரை உடனே சுட வைக்கும் சாதனங்களுக்கு ஐஎஸ் 8978 என்ற தனித் தரக்குறியீடு உண்டு. அது இல்லாததை, எத்தனை ஸ்டார் ரிவ்யூ இருந்தாலும், வீட்டுக்குள் விடாதீர்கள்.

கீசர் என்றால் ஐஎஸ் 2082, தனி வயர், 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே தட்டில் துண்டிக்கும் சுவிட்ச் அது. 4500 வாட்ஸ் இன்ஸ்டன்ட் கீசர் கிட்டத்தட்ட 20 ஆம்பியர் இழுக்கும். அதை 16 ஆம்பியர் பவர் பிளக்கில்கூடச் சொருகக் கூடாது, நேராக ஐசொலேட்டரில் இணைக்க வேண்டும்.

சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டா போதுமா?

போதாது. சாதாரண சுவிட்ச் ஒரு வயரைத்தான் துண்டிக்கும். அது ஃபேஸாக இருக்க வேண்டும். வயரிங் செய்தவர் தவறி நியூட்ரலில் சுவிட்சைப் போட்டிருந்தால், சுவிட்ச் ஆஃப், இண்டிகேட்டரும் ஆஃப், ராடு சூடாகவும் இல்லை. ஆனால் உள்கம்பி முழுக்க 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு சாக்கெட்டின் கீழ் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் வைத்தால் இரண்டிலும் எரியக் கூடாது. எரிந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

ஆகவே வரிசை இதுதான். ராடைத் தண்ணீரில் வைத்த பிறகு பிளக், பிறகு சுவிட்ச். முடிந்ததும் சுவிட்ச் ஆஃப், ஈரமில்லாத கையால் பிளக்கைப் பிடுங்குவது, கால் நிமிஷம் விட்டு ராடை எடுப்பது. சூடு வந்துவிட்டதா என்று விரல் விட்டுப் பார்ப்பது இதற்குப் பிறகுதான், எப்போதும். இரும்பு, அலுமினிய வாளி வேண்டாம். கசிவு இருந்தால் வாளியைத் தொட்டாலே போதும். பிளாஸ்டிக் என்றால் சுருள் பக்கவாட்டில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உருகிவிடும். பாத்ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ராடு போடுவதைவிட, வெளியே சுட வைத்து பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போவது நல்லது. பிள்ளைகள் உள்ள வீட்டில் ராடை ஆனில் விட்டுவிட்டு நகரவே கூடாது.

வாடகை வீட்டில் டிபி பாக்ஸில் கை வைக்க முடியாது என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கசிவு தடுப்புக் கருவி உள்ளேயே அமைந்த 16 ஆம்பியர் பிளக் டாப் தனியாகக் கிடைக்கிறது. சில கீசர்களின் வயரில் அதுவே வருகிறது. ராடின் சாதாரண பிளக்கைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொள்ளலாம். வீடு மாறும்போது கூடவே எடுத்துப் போகலாம். மாட்டும்போது பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். சாக்கெட்டில் உண்மையிலேயே எர்த் வயர் வருகிறதா என்று மட்டும் முதல் நாளே எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஹவுஸ் ஓனரிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

யாருக்காவது ஷாக் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் முதலில் ஓட வேண்டியது அவரிடம் அல்ல, மெயின் சுவிட்சிடம். அது எட்டாத தூரத்தில் இருந்தால், காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ வயரையோ ஆளையோ தள்ளிவிட வேண்டும். தொட்டு இழுத்தால் இரண்டு பேராகிவிடும். விடுபட்ட பிறகு மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு, நடு மார்பில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை வேகமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல, நல்லாயிருக்கேன்" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுத்துவிடுவது நல்லது.